எஸ்டி-ஆக்சஸில் எந்த நோடு என்ன செய்கிறது? சேலம், ஏற்காடு மாதிரியோடு முழுமையான வழிகாட்டி

எஸ்டி-ஆக்சஸ் என்பது ஒரு வளாகத்தின் சுவிட்ச்களை எல்லாம் ஃபேப்ரிக் என்ற ஒரே வலையாகப் பின்னி, யார் எதைத் தொடலாம் என்பதை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் முறை. அதில் ஒவ்வொரு பொறுப்புக்கும் நோடு என்று பெயர். அதைப் படிக்க உட்கார்ந்தவர்களை முதல் நாளே களைக்கவைப்பது பெயர்ப் பட்டியல்தான்: எட்ஜ், பார்டர், கன்ட்ரோல் பிளேன், இன்டர்மீடியட், எக்ஸ்டெண்டெட், வயர்லெஸ் கன்ட்ரோலர், கேட்டலிஸ்ட் சென்டர், ஐஎஸ்இ. பயிற்சி வகுப்பில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். தேர்வு எழுத அது போதும். ராத்திரி பதினோரு மணிக்கு லேப் ரிப்போர்ட் பிரிண்ட் ஆகவில்லை என்று போன் வந்தால், அந்த அட்டவணை கை கொடுக்காது.

ஒவ்வொரு நோடிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு என்ன தெரியும்? பயனாளரின் பாக்கெட் இதன் வழியாகப் போகிறதா? இதன் பவர் கேபிளைப் பிடுங்கினால் எது நிற்கும், எது ஓடிக்கொண்டே இருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் எதை இரட்டையாக வாங்க வேண்டும், எதில் காசை மிச்சம் பிடிக்கலாம் என்பதும் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது.

இங்கே பேசுவது சிஸ்கோவின் எஸ்டி-ஆக்சஸ் பற்றி. 2017-இல் கேட்டலிஸ்ட் 9000 வரிசை சுவிட்ச்களோடு வெளிவந்தது. அப்போது அதன் நிர்வாகப் பெட்டிக்கு டிஎன்ஏ சென்டர் என்று பெயர். 2023-இல் கேட்டலிஸ்ட் சென்டர் ஆயிற்று. பழைய வீடியோக்களில் இரண்டு பெயரும் வரும், குழம்ப வேண்டாம். வேறு சில நிறுவனங்கள் இதே வேலையை பிஜிபி-ஈவிபிஎன் என்ற வேறு நெறிமுறை கொண்டு செய்கின்றன. அங்கே நோடுகளின் பெயர் மாறும், கேள்விகள் மாறாது.

நம் மாதிரி

கற்பனையாக ஒரு மருத்துவமனை. சேலம் ஐந்து ரோடு பக்கம் நான்கு கட்டடம்: புறநோயாளி, உள்நோயாளி, லேப்-ஸ்கேன், நிர்வாகம். ஏற்காட்டில் எட்டுப் பத்து அறையோடு ஒரு கிளினிக். இணைப்பவை: மருத்துவர், நர்ஸ், அலுவலர்களின் கணினிகள்; நோயாளி மானிட்டர், எக்ஸ்ரே போன்ற கருவிகள்; சிசிடிவி, பயோமெட்ரிக்; வந்துபோகிறவர்களின் செல்போன்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஒரே கட்டடம், ஏழெட்டு சுவிட்ச், யாரும் இடம் மாறுவதில்லை என்றால் இது வேண்டாம். சாதாரண விஎல்ஏஎன் (ஒரே சுவிட்சைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் வழக்கமான முறை) போட்டு நிம்மதியாக இருங்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்கு யாராவது ஃபேப்ரிக் விற்க வந்தால், அது அவர்களுடைய விற்பனை இலக்குக்காகத்தான் இருக்கும். பல கட்டடம், பல வகைக் கருவி, ஒன்று மற்றொன்றைத் தொடக்கூடாது என்ற கட்டாயம், அடிக்கடி இடமாற்றம் ஆகியவை சேர்ந்து வரும் இடத்தில்தான் இதற்குப் பொருள் உண்டு. மருத்துவமனை அப்படிப்பட்ட இடம்.

படி 1: தரையைப் போடுங்கள் (அண்டர்லேயும் இன்டர்மீடியட் நோடும்)

ஃபேப்ரிக்கில் இரண்டு அடுக்கு. கீழே அண்டர்லே: சுவிட்ச்களை ஒன்றோடொன்று இணைக்கும் சாதாரண ஐபி ரூட்டிங். மேலே ஓவர்லே: பயனாளரின் பாக்கெட்டை விஎக்ஸ்லேன் உறைக்குள் போட்டு, ஒரு சுவிட்சிலிருந்து மற்றொன்றுக்கு அண்டர்லே வழியாக அனுப்புவது.

அண்டர்லேயில் ஒவ்வொரு இணைப்பும் ரூட்டட் போர்ட். சுவிட்ச்களுக்கு நடுவே சுற்றுப்பாதையைத் தவிர்க்க இணைப்பை அடைத்துவைக்கும் ஸ்பேனிங் ட்ரீயின் தொல்லை இல்லை. ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு லூப்பேக் முகவரி (எந்தப் போர்ட்டையும் சாராத, சுவிட்சின் சொந்த ஐபி), 32 பிட் மாஸ்க்கோடு. அதுதான் ஃபேப்ரிக்கில் அந்த சுவிட்சின் இருப்பிட அடையாளம். லிஸ்ப் (படி 2-இல் வரும் நெறிமுறை) மொழியில் ஆர்லாக். கையால் கட்டலாம், அல்லது கேட்டலிஸ்ட் சென்டரின் லேன் ஆட்டோமேஷனிடம் விடலாம். அது ஐஎஸ்-ஐஎஸ் ரூட்டிங்கைத் தானே எழுதிவிடும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது எம்டியு, அதாவது ஓர் இணைப்பு தாங்கும் பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. விஎக்ஸ்லேன் உறை பாக்கெட்டில் 50 பைட் கூட்டுகிறது. நடுவில் ஒரே ஒரு சுவிட்ச் பழைய 1500-இல் நின்றாலும் பிங் போகும், வெப்சைட் பாதியில் தொங்கும். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். எல்லா இடத்திலும் 9100 வைத்துவிடுங்கள். இரண்டாவது, ஒவ்வொரு லூப்பேக்கும் தனித்தனி 32 பிட் வழியாகவே எல்லோருடைய ரூட்டிங் அட்டவணையிலும் இருக்க வேண்டும். சுருக்கியோ டீஃபால்ட் ரூட்டை (குறிப்பான வழி இல்லாதவற்றுக்கான பொது வழியை) நம்பியோ விட்டுவிடக் கூடாது.

பயனாளர் செருகும் எட்ஜுக்கும், வெளியே போகும் வழியான பார்டருக்கும் நடுவே நின்று ரூட்டிங் மட்டும் செய்யும் சுவிட்ச்தான் இன்டர்மீடியட் நோடு. அதற்கு லிஸ்ப் தெரியாது, உறைக்குள் யார் இருக்கிறார் என்றும் தெரியாது. நம் மருத்துவமனையில் நான்கு கட்டட சுவிட்ச்களும் ஃபைபரில் நேராக பார்டர் வரை வருவதால் இந்த நோடே தேவையில்லை. விலைப்பட்டியலில் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

படி 2: யார் எங்கே என்ற கணக்கு (கன்ட்ரோல் பிளேன் நோடு)

ஃபேப்ரிக்கின் மூளை என்று இதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த வர்ணனை பொருத்தமாகப் படவில்லை. இது எதையும் முடிவு செய்வதில்லை. லீ பஜார் மண்டியில் ஒரு கணக்கப்பிள்ளை இருப்பார்: எந்த மூட்டை எந்தக் குடோனில் என்று அவர் நோட்டில் இருக்கும், கேட்டால் சொல்வார், ஆனால் ஒரு மூட்டைகூட அவர் மேசையைத் தாண்டிப் போகாது. கன்ட்ரோல் பிளேன் நோடு அவர்தான்.

அதன் அடிப்படை லிஸ்ப் என்ற நெறிமுறை. 2013-இல் ஆர்எஃப்சி 6830 ஆக வந்தது. 2022-இல் 9300, 9301 என்ற புதிய ஆவணங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. வழக்கமான நெட்வொர்க்கில் ஐபி முகவரி இரண்டு வேலை செய்கிறது: நீ யார் என்பதையும் நீ எங்கே இருக்கிறாய் என்பதையும் அதுவே சொல்கிறது. லிஸ்ப் இரண்டையும் பிரித்துவிடுகிறது. கணினியின் முகவரி ஈஐடி. அது எந்த சுவிட்சுக்குப் பின்னால் இருக்கிறது என்பது ஆர்லாக். இந்த இரண்டையும் சேர்த்து எழுதிவைப்பதுதான் கன்ட்ரோல் பிளேன் நோடின் வேலை.

நடப்பது இப்படி. லேப் கட்டடத்தில் ஒரு கணினியை இயக்குகிறார்கள். அந்தக் கட்டட எட்ஜ் சுவிட்ச் அதைப் பார்த்ததும், "இந்த ஐபி, இந்த மேக் (கருவியின் வன்பொருள் முகவரி), என்னிடம்" என்று மேப்-ரெஜிஸ்டர் அனுப்புகிறது. கணினி, புறநோயாளிக் கட்டடத்துப் பிரிண்டருக்கு ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். லேப் எட்ஜுக்கு அந்தப் பிரிண்டர் எங்கே என்று தெரியாது. மேப்-ரெக்வெஸ்ட் போகிறது, விடை மேப்-ரிப்ளையாக வருகிறது. அதை எட்ஜ் தன் கேஷில் (தற்காலிக நினைவில்) வைத்துக்கொள்கிறது. அதன்பின் அந்தப் பிரிண்டருக்குப் போகும் பாக்கெட்டுகளுக்குத் திரும்பக் கேட்பதில்லை. கேஷின் ஆயுள் வழக்கமாக 24 மணி நேரம்.

நர்ஸ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டால்? புதிய எட்ஜ் பதிவு செய்கிறது. கன்ட்ரோல் பிளேன் நோடு பழைய எட்ஜுக்குத் தகவல் சொல்கிறது. பழைய விலாசத்துக்கே பாக்கெட் அனுப்பிக்கொண்டிருக்கும் மற்ற எட்ஜுகளைப் பழைய எட்ஜ் "மறுபடி கேட்டுக்கொள்" என்று திருப்பிவிடுகிறது. லேப்டாப்பின் ஐபி மாறவில்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. கன்ட்ரோல் பிளேன் நோடு செத்தால் என்ன நிற்கும்? கேஷில் இருக்கும் உரையாடல்கள் அப்படியே ஓடும். புதிதாக இணைபவர், இடம் மாறுபவர், முதன்முறை பேசுபவர் ஆகியோர்தான் மாட்டிக்கொள்வார்கள். இதனால்தான் இந்தப் பழுது விநோதமாகத் தெரியும்: "எனக்கு வருது, அவருக்கு வரலை" என்று பாதிப் பேர் சொல்வார்கள். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் முதலில் இங்கே பாருங்கள். நோடில் ஷோ லிஸ்ப் சைட் கட்டளை போட்டால், யார் எந்த எட்ஜிடமிருந்து பதிவானார் என்ற பட்டியல் வரும்.

இரண்டு கன்ட்ரோல் பிளேன் நோடு கட்டாயம் வேண்டும். எட்ஜுகள் இரண்டிலும் தனித்தனியே பதிவு செய்கின்றன. அந்த இரண்டும் தங்களுக்குள் ஒத்துப்பார்ப்பதில்லை. ஆகவே ஒன்று போனால் மற்றொன்று எந்தச் சடங்கும் இல்லாமல் தொடரும். தனிப் பெட்டி வாங்க வேண்டியதில்லை; நம் அளவுக்கு பார்டர் சுவிட்சிலேயே இந்தப் பொறுப்பையும் ஏற்றலாம். நோடு என்பது பொறுப்பின் பெயர், பெட்டியின் பெயரல்ல என்பது இங்கேதான் பட்ஜெட்டில் தெரியும்.

புதிதாகக் கட்டும்போது லிஸ்ப்-பிஜிபியா, லிஸ்ப் பப்-சப்பா என்று கேட்டலிஸ்ட் சென்டர் கேட்கும். இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். காரணம் பார்டர் பகுதியில்.

படி 3: வாசல் (எட்ஜ் நோடு)

வேலை அதிகம் இங்கேதான். பயனாளர் கேபிள் செருகுவது எட்ஜில், சண்டைக்கு வருவதும் எட்ஜில் தொங்கும் ஆட்கள்தான்.

எட்ஜ் முதலில் ஆளை விசாரிக்கிறது. 802.1எக்ஸ் என்ற அடையாளச் சோதனை தெரிந்த கணினி என்றால் சான்றிதழோ பாஸ்வேர்டோ கேட்கும்; தெரியாத பிரிண்டர், கேமரா என்றால் மேக் முகவரியை வைத்துப் பார்க்கும். தானே முடிவு செய்யாமல், அடையாளம் சரிபார்க்கும் சர்வரான ஐஎஸ்இ-யிடம் கேட்கும். பதில் இரண்டு பகுதியாக வரும்: இவர் எந்த விஎல்ஏஎன், அதன் மூலம் எந்த மெய்நிகர் வலை (ஃபேப்ரிக்குக்குள் ஒன்றோடொன்று கலக்காத தனி வலை), இவருடைய எஸ்ஜிடி என்ற குழு எண் என்ன.

விஎக்ஸ்லேன் உறையில் இரண்டும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. மெய்நிகர் வலையின் எண்ணுக்கு 24 பிட், குழு எண்ணுக்கு 16 பிட். அனுமதியா மறுப்பா என்பது பாக்கெட் போய்ச் சேரும் எட்ஜில் முடிவாகிறது. அனுப்பியவரின் குழு எண் உறையில் வருகிறது, பெறுபவரின் குழு எண் அந்த எட்ஜுக்கே தெரியும். இரண்டையும் வைத்துப் பார்த்து விடும் அல்லது தடுக்கும். மறுப்பு ஒன்றைத் தேடும்போது அனுப்பும் பக்கத்து சுவிட்சில் மணிக்கணக்காகத் துழாவாதீர்கள்.

அடுத்து எனிகாஸ்ட் கேட்வே. கேட்வே என்பது கணினி தன் சப்நெட்டை விட்டு வெளியே போக அணுகும் முகவரி. எல்லா எட்ஜிலும் ஒரே கேட்வே ஐபி, ஒரே மேக். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லேப்டாப்பின் கேட்வே அதன் பக்கத்து சுவிட்சிலேயே இருக்கும். நான்கு கட்டடத்துக்கும் ஒரே சப்நெட் கொடுக்கலாம், ஆனாலும் பழையபடி விஎல்ஏஎன்-ஐக் கட்டடம் கட்டடமாக இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கேட்க இனிமையாக இருக்கிறது. இதனால் வரும் சிக்கலைப் பலர் சொல்வதில்லை, அதனால் விரித்துச் சொல்கிறேன்.

டிஹெச்சிபி, அதாவது கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி கொடுக்கும் சேவை. கணினி முகவரி கேட்கிறது. எட்ஜ் அதை சர்வருக்கு ரிலே செய்கிறது. ரிலே செய்தவர் யார் என்ற இடத்தில் கேட்வே ஐபி எழுதப்படுகிறது. சர்வர் அந்த ஐபிக்குத்தான் பதில் போடும். ஆனால் அந்த ஐபி எல்லா எட்ஜிலும் இருக்கிறது! பதில் யாரிடம் போவது? இதற்குத்தான் எட்ஜ் தன் கோரிக்கையில் ஆப்ஷன் 82 என்ற குறிப்பைச் சேர்க்கிறது. அதில் தன் ஆர்லாக்கையும் மெய்நிகர் வலையின் எண்ணையும் எழுதிவைக்கும். சர்வர் அந்தக் குறிப்பை அப்படியே திருப்பி அனுப்பும். பதில் பார்டருக்கு வந்ததும், பார்டர் குறிப்பைப் படித்து உரிய எட்ஜுக்கு உறை போட்டு அனுப்பிவிடும். ஆப்ஷன் 82 எஸ்டி-ஆக்சஸுக்காகப் பிறந்ததல்ல. 2001-இன் ஆர்எஃப்சி 3046-இலேயே இருக்கிறது.

ஆக, உங்கள் டிஹெச்சிபி சர்வர் ஆப்ஷன் 82-ஐத் திருப்பித் தராவிட்டால் ஒருவருக்கும் முகவரி கிடைக்காது. நிர்வாகக் கட்டடத்தில் யாரோ பழைய பிராட்பேண்ட் ரூட்டரை டிஹெச்சிபி சர்வராக ஓட்டிக்கொண்டிருந்தால் இது பலிக்காது. சர்வரை முதல் வாரமே சோதித்துவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் வாய் திறக்காத கருவிகள். எட்ஜ் ஒரு கருவியை அறிவது அது பேசும்போதுதான்: டிஹெச்சிபி கேட்கும்போது, ஓர் ஐபிக்கு உரிய மேக் எது என்று விசாரிக்கும் ஏஆர்பி அனுப்பும்போது. நிலையான ஐபி போட்டு, யாராவது கேட்டால் மட்டும் பதில் சொல்லும் பழைய பயோமெட்ரிக் பெட்டி, சில லேப் கருவிகள் ஆகியவை பதிவேட்டிலேயே ஏறாது. வழக்கமான நெட்வொர்க்கில் பிராட்காஸ்ட் போட்டு எழுப்பிவிடலாம். ஃபேப்ரிக்கில் பிராட்காஸ்ட் வெள்ளமாக ஓடுவதில்லை. ஏஆர்பி-ஐக்கூட எட்ஜ் பிடித்து, கன்ட்ரோல் பிளேன் நோடிடம் விசாரித்து, உரியவருக்கு மட்டும் அனுப்புகிறது. தீர்வு இரண்டு: அந்த சப்நெட்டுக்கு மட்டும், பிராட்காஸ்டை எல்லா எட்ஜுக்கும் பரப்பும் லேயர் 2 ஃப்ளடிங்கைத் திறந்துவிடுவது (அண்டர்லேயில் மல்டிகாஸ்ட் வேண்டும்), அல்லது கருவியை டிஹெச்சிபி-க்கு மாற்றி, சர்வரில் முகவரியை ஒதுக்கிவைப்பது. இரண்டாவது நல்லது. கருவி விற்றவர் சம்மதிப்பாரா என்பது வேறு கதை.

எட்ஜ் செத்தால் அதில் தொங்குபவர்கள் மட்டும் போவார்கள். வார்டு, ஐசியு பக்கம் இரண்டு சுவிட்சை ஸ்டேக் செய்து (ஒரே சுவிட்சாக நடக்கும்படி இணைத்து), மானிட்டர்களை இரண்டிலும் பிரித்துச் செருகுங்கள். இன்னொன்று, சேலத்துச் சித்திரை வெயில். மாடிப்படிக்குக் கீழே காற்றோட்டம் இல்லாத அடைப்பில் சுவிட்சை வைக்கும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. கேமராவுக்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கும் அதே கேபிளில் மின்சாரம் கொடுக்கும் சுவிட்ச் தானாகவே சூடாகும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள்.

படி 4: எல்லை (பார்டர் நோடு)

ஃபேப்ரிக்கை விட்டு வெளியே போகும் எதுவும் பார்டர் வழியாகத்தான். இங்கே விஎக்ஸ்லேன் உறை பிரிக்கப்பட்டு, பாக்கெட் சாதாரண ஐபியாக வெளியேறுகிறது. எட்ஜ் ஒரு முகவரியைக் கேட்டு, "எனக்குத் தெரியாது" என்று கன்ட்ரோல் பிளேன் நோடிடமிருந்து பதில் வந்தால், பாக்கெட் பார்டருக்குப் போகும். இணையம் முழுக்க இந்தத் "தெரியாது" வகைதான்.

மூன்று வகை உண்டு. எக்ஸ்டர்னல்: தெரியாத எல்லாவற்றுக்கும் கடைசி வழி. இன்டர்னல்: டேட்டா சென்டர் போன்ற தெரிந்த வெளி முகவரிகளை பதிவேட்டில் ஏற்றும். மூன்றாவது இரண்டையும் செய்வது. குழப்பத்தில் பலர் மூன்றாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் மருத்துவமனையில் சர்வர், இணையம், டிஹெச்சிபி எல்லாம் ஒரே ஃபயர்வாலுக்குப் பின்னால்தான், எக்ஸ்டர்னல் போதும். தேவையில்லாமல் இன்டர்னலைச் சேர்த்தால் வெளி ரூட்டுகள் எல்லாம் பதிவேட்டில் ஏறி, பிழை தேடுவதைக் கடினமாக்கும்.

பார்டரையும் ஃபயர்வாலையும் ஒவ்வொரு மெய்நிகர் வலைக்கும் ஒரு தனி விஎல்ஏஎன், ஒரு தனி பிஜிபி (ரூட்டுகளைப் பரிமாறும் நெறிமுறை) அமர்வு என்று இணைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அலுவலர், கருவி, விருந்தினர் என மூன்று மெய்நிகர் வலை. ஆக்சஸ் பாயிண்டுகளுக்காகக் கூடவே வரும் இன்ஃப்ரா வலை ஒன்று. இரண்டு பார்டருக்கு எட்டு அமர்வு. உற்சாகத்தில் துறைக்கு ஒன்றாகப் பத்து வலை போட்டால் இருபத்திரண்டு. அதனால் மெய்நிகர் வலை குறைவாக, உள்ளே குழு எண்ணால் பிரிவு அதிகமாக என்பது என் கட்சி. எக்ஸ்ரே கருவி வேறு, மானிட்டர் வேறு என்ற பிரிவுக்குக் குழு எண்ணே போதும். நோயாளியின் உறவினர் செல்போன் கருவிகளைத் தொடவே கூடாது என்பதற்குத்தான் தனி வலை.

வலைகளுக்கு நடுவே பொதுவான சர்வர்களை எட்ட வழி விடுவது ஃபயர்வாலின் வேலை. இந்த இடத்தில் நிற்பதை ஃபியூஷன் டிவைஸ் என்பார்கள். அது ஃபேப்ரிக்கின் நோடு அல்ல. கேட்டலிஸ்ட் சென்டர் அதைத் தானாகக் கட்டமைக்கவும் மாட்டாது. கையால் எழுதித்தான் ஆக வேண்டும், திட்டத்தில் இதற்கு நாள் ஒதுக்குங்கள்.

பார்டர் ஒன்று உயிரோடு இருந்து, அதன் ஃபயர்வால் கேபிள் மட்டும் அறுந்தால்? லிஸ்ப்-பிஜிபி முறையில், இரண்டு பார்டருக்கு நடுவே ஒவ்வொரு வலைக்கும் இன்னொரு பிஜிபி அமர்வு கையால் போட்டு மாற்றுவழி தர வேண்டும். மறந்தால் எட்ஜுகள் பாதிப் பாக்கெட்டை முட்டுச்சந்துக்கு அனுப்பும். பப்-சப் முறையில், பார்டர் தன்னிடம் டீஃபால்ட் ரூட் இருக்கிறதா என்பதைத் தெரிவித்துக்கொண்டே இருக்கும். இல்லையென்றால் எட்ஜுகள் மற்ற பார்டருக்குத் திரும்பிவிடும். பப்-சப் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

படி 5: கம்பியில்லாதவர்கள்

வழக்கமான வைஃபையில் செல்போனின் பாக்கெட் கன்ட்ரோலர் வரை சுரங்கமாகப் போய்த் திரும்பும். ஃபேப்ரிக்கில் அப்படி இல்லை. ஆக்சஸ் பாயிண்ட், தான் தொங்கும் எட்ஜுக்கே விஎக்ஸ்லேன் உறை போட்டுக் கொடுத்துவிடுகிறது. கன்ட்ரோலருக்குப் போவது கட்டுப்பாட்டுச் செய்தி மட்டும். செல்போன் இணைந்ததும் அதன் மேக்கை கன்ட்ரோல் பிளேன் நோடில் பதிவு செய்வது வயர்லெஸ் கன்ட்ரோலர். கம்பிக் கணினிக்கு எட்ஜ் செய்யும் வேலையை இங்கே இது செய்கிறது.

கன்ட்ரோலர் பெரும்பாலும் ஃபேப்ரிக்குக்கு வெளியே, பார்டருக்கு அப்பால் இருக்கும். எட்ஜுகளின் அண்டர்லே அட்டவணையில் கன்ட்ரோலரின் முகவரிக்குக் குறிப்பான வழி இருக்க வேண்டும், டீஃபால்ட் ரூட் போதாது. ஆக்சஸ் பாயிண்ட் எதுவும் சேரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

படி 6: எக்ஸ்டெண்டெட் நோடு

செக்யூரிட்டி அறை, ஜெனரேட்டர் ஷெட், பார்க்கிங் கேமரா. அங்கே முழு எட்ஜ் வேண்டாம். எட்ஜிலிருந்து ட்ரங்கில் (பல விஎல்ஏஎன்-களைச் சுமக்கும் இணைப்பில்) தொங்கும் சின்ன லேயர் 2 சுவிட்ச் போதும். கொள்கை முழுக்க மேலே உள்ள எட்ஜில்தான். ஆகவே அந்தச் சின்ன சுவிட்சில், ஒரே விஎல்ஏஎன்-இல் உள்ள இரண்டு கேமரா தங்களுக்குள் பேசினால் தடுக்க ஆளில்லை. அது முக்கியம் என்றால் பாலிசி எக்ஸ்டெண்டெட் நோடாக வேலை செய்யும் மாடலைக் கேளுங்கள்.

படி 7: உத்தரவு போடுபவர், அடையாளம் பார்ப்பவர்

கேட்டலிஸ்ட் சென்டர் வழியாக ஒரு பாக்கெட்டும் போவதில்லை. வடிவமைப்பு, கொள்கை, சுவிட்ச்களில் கட்டளை எழுதுவது, கண்காணிப்பு ஆகிய நான்குதான் அதன் வேலை. அது ஒரு வாரம் படுத்தாலும் நோயாளிக்கும் டாக்டருக்கும் வித்தியாசம் தெரியாது. புதிய சுவிட்ச் சேர்க்க முடியாது, கொள்கை மாற்ற முடியாது, அவ்வளவே. எனவே நெருக்கடியில் எது இரட்டை வேண்டும் என்றால் இதைக் கடைசியில் வையுங்கள். அது எழுதியதை சுவிட்சில் நேரடியாக நுழைந்து கையால் திருத்தும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், அடுத்த முறை இரண்டும் மோதும்.

ஐஎஸ்இ வேறு ரகம். அது படுத்தால் ஏற்கனவே உள்ளே வந்தவர்கள் தொடர்வார்கள். காலை ஷிஃப்டுக்குப் புதிதாக லாகின் செய்பவர்கள் வாசலில் நிற்பார்கள். ஆகவே விசாரிக்கும் பொறுப்புள்ள பிஎஸ்என் பகுதி குறைந்தது இரண்டு இடத்தில் ஓட வேண்டும். ஐஎஸ்இ-யே எட்டவில்லை என்றால் எந்த விஎல்ஏஎன்-இல் விடுவது என்பதையும் எட்ஜில் முன்கூட்டியே எழுதிவையுங்கள். ஐசியு போர்ட்டுகளுக்கு என் விடை: உள்ளே விடு. விருந்தினருக்கு: விடாதே. எந்தக் குழு எந்தக் குழுவோடு பேசலாம் என்ற குழு எண் அணியை முதல் மாதம் எல்லாம் அனுமதி என்றே ஓட்டி, யார் யாரோடு பேசுகிறார் என்று பார்த்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாக மூடுங்கள்.

படி 8: ஏற்காடு

சேலத்து ஃபேப்ரிக்கையே மலைக்கு நீட்டிவிடலாமே, ஒரு எட்ஜ் வைத்தால் போதுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். அந்த எட்ஜின் பதிவேடு சேலத்தில் இருக்கும். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுப் பாதையில் மண் சரிந்து ஃபைபர் அறுந்தால், கிளினிக்குக்குள் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குக்கூடப் புதிதாகப் பேச முடியாது.

ஏற்காட்டைத் தனி ஃபேப்ரிக் தளமாக்குங்கள். எட்ஜ், பார்டர், கன்ட்ரோல் பிளேன் மூன்றும் ஒரே சுவிட்சில். ஃபேப்ரிக் இன் ஏ பாக்ஸ் என்பது இதுதான். கேட்டலிஸ்ட் 9300 இரண்டை ஸ்டேக் செய்தால் ஒன்று இடியில் போனாலும் மற்றது நிற்கும். சேர்வராயன் மலையில் இடிமின்னல் பருவம் தெரிந்தவர்கள் எர்த்திங்கை முதலில் பார்ப்பார்கள். வெளியே தொங்கும் ஆக்சஸ் பாயிண்டுக்கு சர்ஜ் அரெஸ்டர் போடாமல் விடாதீர்கள்.

வயர்லெஸ் கன்ட்ரோலரைச் சேலத்தில் வைத்தால், ஆக்சஸ் பாயிண்டுக்கும் அதற்கும் போய்வரும் தாமதம் 20 மில்லி செகண்டுக்குள் இருக்க வேண்டும். தூரம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் சேவை தருபவர் சென்னை, பெங்களூரு சுற்றி அனுப்பினால் கணக்கு மாறும், பிங் போட்டு அளந்துவிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் ஃபைபர் அறுந்தால் வைஃபை போகும். அதே 9300-க்குள் ஓடும் கன்ட்ரோலர் மென்பொருளைத்தான் மலைக்குப் பரிந்துரைப்பேன்.

இரண்டு தளத்தை இணைக்க இரண்டு வழி. எஸ்டிஏ ட்ரான்சிட்: விஎக்ஸ்லேன் உறை பிரியாமல் மலை வரை போகும், குழு எண்ணும் கூடவே போகும். ஆனால் வாடகை இணைப்பில் பெரிய எம்டியு வேண்டும், ட்ரான்சிட்டுக்கெனத் தனி கன்ட்ரோல் பிளேன் நோடும் வேண்டும். ஐபி ட்ரான்சிட்: உறை பார்டரில் பிரிந்து சாதாரண ஐபியாகப் போகும். எம்டியு 1500 போதும், ஆனால் குழு எண் வழியில் உதிர்ந்துவிடும். அதைத் தனியாக எஸ்எக்ஸ்பி என்ற நெறிமுறை மூலம் சொல்லிக்கொடுக்க வேண்டும். இணைப்பு தருபவர் பெரிய எம்டியு-வை எழுத்தில் உறுதி தராத வரை ஐபி ட்ரான்சிட்டே எடுங்கள்.

மாற்று இணைப்பு வாங்கும்போது ஒரு கேள்வி: கேபிள் எந்தப் பாதையில் ஏறுகிறது? ஏற்காட்டுக்கு இரண்டு சாலை, இருபது கொண்டை ஊசி வளைவுள்ள பிரதான பாதையும் குப்பனூர் வழியும். இரண்டு நிறுவனத்திடம் வாங்கி, இரண்டு கேபிளும் ஒரே சாலையோரம் ஏறினால் ஒரே மண்சரிவு இரண்டையும் எடுக்கும். இரண்டும் ஒரே பாதைதான் என்றால் 4ஜி ரூட்டர் ஒன்றைக் கூடவே வையுங்கள். மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அந்த 4ஜி-யும் தடுமாறும், ஆகவே அதில் விருந்தினர் வைஃபையை ஏற்றாதீர்கள்.

படி 9: பிடுங்கிப் பாருங்கள்

ஒப்படைக்கும் முன், மருத்துவமனையிடம் சொல்லி நள்ளிரவுக்கு மேல் நேரம் வாங்கி, ஒவ்வொன்றாக அணையுங்கள். அணைக்கும் முன் என்ன நிற்கும் என்று தாளில் எழுதிவிட வேண்டும், பிறகு எழுதினால் மனம் ஏமாற்றும்.

முதலில் கேட்டலிஸ்ட் சென்டர்: எதுவும் நிற்கக் கூடாது. அடுத்து ஒரு பார்டர்-கன்ட்ரோல் பிளேன் சுவிட்ச்: சில நொடித் தடங்கல், பிறகு சரியாக வேண்டும், அந்த நேரத்தில் புதிதாக ஒரு லேப்டாப்பைச் செருகி முகவரி வருகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். ஓடும் பிங் மட்டும் பார்த்தால் கேஷ் உங்களை ஏமாற்றிவிடும். பிறகு ஃபயர்வால் கேபிள் ஒன்று மட்டும். பிறகு ஐஎஸ்இ இரண்டும். ஐசியு போர்ட்டில் புதிய கருவி உள்ளே வர வேண்டும், விருந்தினர் வரக் கூடாது.

கடைசியாக ஏற்காட்டில் வெளி ஃபைபர், 4ஜி இரண்டையும் கழற்றுங்கள். கிளினிக்குக்குள் கணினியிலிருந்து பிரிண்டருக்கும், வைஃபை டேப்லெட்டிலிருந்து உள்ளூர் சர்வருக்கும் போக வேண்டும். நோயாளி பதிவு மென்பொருள் திறக்கவில்லை என்றால் அது சேலத்து சர்வரில் ஓடுகிறது என்று அர்த்தம். அதை நோடு எதுவும் சரிசெய்யாது. மலையிலேயே ஒரு சிறு டேட்டாபேஸ் நகல் வைக்க முடியுமா என்று மென்பொருள்காரரிடம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். முகவரி தரும் டிஹெச்சிபி சர்வரும் சேலத்தில் மட்டும் இருந்தால், லீஸ் (முகவரிக்குக் கொடுத்த தவணை) தீர்ந்த கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அதையும் மலையில் ஒன்று வைத்துவிட்டு, ஃபைபரை மாட்டுங்கள்.